சட்டை போட்ட லேப்டாப்

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சில மாதங்களாகக் கூட்டித் துடைத்து, டீ வாங்கி வந்து, நடுநடுவே ஸ்குரு கழற்றிய கம்ப்யூட்டர் கடை பின்னால் போய்விட்டது. கடைக்காரர் பெரிய வைத்தியர். எந்த நோயாளி வந்தாலும் ஒரே மருந்துதான்: "பழசாயிருச்சு, புதுசு வாங்கிருங்க." அன்று ஒரு லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்காமலே அவர் அதைச் சொன்னபோது, "தூசி அடைச்சிருக்கும்ணே" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். வேலை போயிற்று. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். வாயை மூடும் பாடம் ஒன்பதாவதில் இருந்திருக்க வேண்டும்.

"அண்ணே, நில்லுங்க."

லேப்டாப் கொண்டுவந்த பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். அவள் பின்னால் லேப்டாப்பைச் சுமந்தபடி மாமனார், வர மனமில்லாத நடையில்.

"தூசின்னு சொன்னீங்கள்ல, எடுத்துத் தாங்கண்ணே. இவன் வாப்பா சவுதியில இருக்காக. இன்னும் புள்ள மொகத்தப் பாக்கல. போன தடவ நெத்தி வந்துச்சு, மூக்கு வர்றதுக்குள்ள படம் நின்டு போச்சு. இன்னைக்குச் சாயங்காலம் கூப்பிடுவாக."

"அதான் போன்ல பேசுறான்ல. கொரல் கேட்டாப் பத்தாதா?" என்றார் மாமனார்.

"புள்ளைக்கு இன்னும் பேச்சு வரல மாமா."

எனக்கும் போக வேறு இடமில்லை. அவர்களோடு, அவர்கள் ஊரான புதுமடத்துக்கு பஸ் ஏறினேன். கடையின் ஸ்குரு டிரைவர் தவறுதலாக என் பையில் வந்திருந்தது.

வீட்டில் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்ததும் வியாதி புரிந்தது. அது சட்டை போட்டிருந்தது. டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்த ஜரிகை வெல்வெட் சட்டை. எழுத்துகளுக்கும் திரைக்கும் மட்டும் திறப்பு. அடியில் காற்று போகும் வழி, பக்கத்தில் சூடு வெளியேறும் வழி, எல்லாம் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. மரியாதைக்காக மெத்தைமேல் உட்காரவைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணியும் காட்டியிருந்தார்கள்.

"கீறல் விழக்கூடாதுன்னு சவுதியிலேர்ந்து மச்சான் சொன்னாக," என்றாள்.

"கீறல் இல்லம்மா. மூச்சும் இல்ல."

உள்ளே மின்விசிறியில் தூசியும் சாம்பிராணிக் கரியும் கம்பளிபோலப் படிந்திருந்தன. சூடேறினால் கருகிவிடாமல் இருக்க இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் நானும் அப்படித்தான். எனக்கு யாரும் மெத்தை போட்டதில்லை.

தூசியைத் தட்டி மூடினேன். அடுத்த வியாதி திரைக்குள். விடுமுறையில் வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தம் திறமைக்குச் சாட்சியாக ஒரு ஆன்டிவைரஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். மூன்று காவலாளிகள் ஒரே வாசலில் நின்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டை அனுப்பிவைத்தேன். ஆன் செய்ததும் கேட்காமலே எழுந்து வருகிறவற்றை நிறுத்தினேன். வட்டு நிறைய அடைத்துக் கிடந்த கல்யாண வீடியோக்களை சிடியில் ஏற்றிவிட்டு அழித்தேன். மெமரி கூட்டினால் இன்னும் ஓடும். அது புதுமடத்தில் விற்கவில்லை.

மாமனார் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். "இம்புட்டு வேகம் எதுக்குத் தம்பி? சுமாரா ஓடுனாப் போதும்." எளிமையான மனிதர் என்று நினைத்தேன்.

குழந்தை முகத்தில் வெளிச்சம் விழட்டும், லேப்டாப்புக்கும் காற்று வரட்டும் என்று கொல்லை வாசலில் முக்காலி போட்டு, சட்டையைக் கழற்றியே வைத்தேன். அழைப்பு வந்தது. படம் நிற்கவில்லை. திரையில் குழந்தையின் வாப்பா முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"மூக்கு என்னோடதுதான்," என்றார் கடைசியில்.

"மூக்கு மட்டுந்தான். மத்ததெல்லாம் எங்க வீட்டுச் சாயல்," என்றாள் அவள். அழுதுகொண்டே சொன்னாள்.

பிறகு அவர் கண்ணைச் சுருக்கினார். "வாப்பா, பின்னால என்ன? ஆடா?"

ஆடுதான். இடுப்பளவு எழும்பி நின்றுபோன செங்கல் சுவர்மேல் நின்று மென்றுகொண்டிருந்தது.

"நான் அனுப்புன காசுல கொல்லையில ரூம் கட்டி முடிஞ்சு, பச்சப் பெயிண்டும் அடிச்சாச்சுன்னீகளே?"

"பெயிண்ட் காயுதுப்பா."

"செவரே இல்லையே வாப்பா, எதுல காயுது?"

இத்தனை நாள் படம் கட்டம் கட்டமாகச் சிதறியதில் மாமனாரின் அறை அழகாக நின்றிருந்தது. அதை நான்தான் இடித்துவிட்டேன்.

"கொத்தனாரு இருக்காரு. சித்தாளு கெடைக்கல," என்றார் அவர் தரையைப் பார்த்து.

"அங்கன ஸ்குரு டிரைவரோட நிக்கிறது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது.

மறுநாள் காலை அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தேன். மாமனார் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன தம்பி, இம்புட்டு ஸ்லோவா இருக்க?" என்றார்.