யார் பக்கத்தில் யார் உட்காருவது

சிப்புக்குள் எந்தக் கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் புரோகிராம் எழுதுவது என் வேலை. கணக்குப் போடும் பகுதி, நினைவகம் என்று ஒரு சிப்பில் பல கட்டங்கள் உண்டு. அதிகம் பேசிக்கொள்கிற கட்டங்கள் அருகருகே இருந்தால் இடையில் ஓடும் கம்பி குறையும், சிப் வேகமாகும். என் புரோகிராம் அவற்றை இடம் மாற்றி மாற்றிப் பார்க்கும். ஆரம்பத்தில் சில மோசமான மாற்றங்களையும் பொறுத்துக்கொள்ளும், போகப்போகக் கறாராகிவிடும்.

கோவை சரவணம்பட்டியில் எங்கள் அலுவலகம் எதிர்க் கட்டடத்துக்கு மாறியபோது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கட்டளையைக்கூட வேண்டுகோள்போலச் சொல்கிறவர்.

"அம்மணி, யாரை எங்க உக்கார வெக்கறதுன்னு உங்க புரோகிராமே சொல்லீருமுங்களே?"

சொல்லும் என்றேன். யாரிடமிருந்து யாருக்கு எத்தனை மெயில் போகிறது என்ற எண்ணிக்கையை மட்டும் வாங்கி, கம்பிகளுக்குப் பதிலாகக் கொடுத்தேன். மேலாளருக்கு ஒரே நிபந்தனை: ஜன்னலோரத்து அறை அவருடையது, அதை நகர்த்தக் கூடாது. மனிதவளப் பிரிவினர் ஏசிக்குக் கீழே உட்கார மாட்டார்களாம். சாமி படம் கிழக்குச் சுவரில். எல்லாவற்றையும் அசையாதபடி நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்ததை ஓட்டினேன்.

விடையைப் பார்த்துப் பகீரென்றது. புரோகிராம் அருகருகே உட்கார வைத்திருந்தது, அலுவலகத்தின் பெரிய பகையாளிகளை. ஒருவர் கம்பிகளின் பாதையை வரையும் குழுவின் தலைவர், மலையடிவாரத் தொண்டாமுத்தூரிலிருந்து வருகிறவர். இன்னொருவர் அந்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கும் குழுவின் தலைவி. வழியில் யானை நின்றதால் தாமதம் என்று அவர் மெயில் போட்டால், யானையின் போட்டோ கேட்டு எல்லோருக்கும் நகல் போடுவார் இவர். நேரில் பேசி நெடுநாளாயிற்று. சண்டை முழுவதும் மெயிலில்தான். புரோகிராமுக்குச் சண்டையும் சிநேகமும் ஒன்றுதான்.

என்னை டீ மெஷினுக்குப் பக்கத்து மூலையில் போட்டிருந்தது. எனக்கு யாரும் மெயில் அனுப்புவதில்லை. பிழை இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடினேன். துரதிர்ஷ்டவசமாக, இல்லை.

குடியேறிய முதல் நாள் காலை முழுவதும் அவர்கள் இருவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் தொண்டாமுத்தூர்க்காரர் அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, போன வாரத்து மெயிலு... படிச்சா திட்டற மாதிரியே இருந்துச்சுங்க."

"திட்டத்தானுங்க அனுப்புனேன்."

அவர் சிரித்துவிட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த அம்மாவும் சிரித்தார். மழைக்காலம் முடிவதற்குள் இருவரும் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். என்ன தகராறானாலும் நாற்காலியைத் திருப்பிப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நானும் தனியாக இல்லை. டீ எடுக்க வருகிறவர்கள் எல்லாம் என் மேசையில் கப்பை வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள்.

மேலாளருக்குப் பெருமை பிடிபடவில்லை. "புது மெயில் கணக்கை வெச்சு இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க, இன்னும் நல்லா வருமுங்க" என்றார்.

ஓட்டினேன். அந்த இருவருக்கும் இடையே இப்போது ஒரு மெயில்கூட இல்லை. ஆகவே புரோகிராம் அவரை வாசலிலும் அந்த அம்மாவைக் கடைசிச் சுவரோரமும் வைத்தது. எனக்குப் பழைய மூலையே.

அந்த வரைபடத்தை மேலாளருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. "சார், இப்ப இருக்கறதே இருக்கட்டுமுங்க" என்றேன்.

"ஏனுங்க, புரோகிராம் கெட்டுப்போச்சுங்களா?"

நல்ல நிலைமையில் இருப்பதுதான் பிரச்சினை என்று அவருக்கு விளக்க நெடுநேரம் ஆகும். "ஆமாங்க, கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

அவர் வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தார். சிப்பில் கட்டங்களை அடுக்குவது எப்படி என்று, ஆரம்பநிலையினருக்கான வகுப்பு. முதல் வரிசையில் என் பெயர் ஒட்டிய நாற்காலி.