வயலின் போட்டால் ஓட வேண்டும்

யுத்த காலத்தில் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட ஒரு விஷயம் தெரியும். கொழும்பு ரேடியோ வயலின் போட்டால் ஓட வேண்டும். நான் சொல்வது நம்முடைய கல்யாண வீட்டு வயலின் இல்லை. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் இழுக்கிற வயலின். ஊதுகிற வாத்தியமும் பெரிய மேளமும் பின்னால் சேர்ந்து வரும். அதற்குச் சிம்பொனி என்று ஒரு பெயர் இருப்பதை நான் வெகு காலம் கழித்துத்தான் அறிந்துகொண்டேன். எங்களுக்கு அது இழவுச் சங்கீதம். யாரோ ஒரு பெரிய ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்று அர்த்தம்.

சும்மா சொல்லவில்லை, இரண்டு தடவை பட்டோம். முதல் தடவை சினிமாப் பாட்டு பாதியில் அறுந்து, இந்தச் சங்கீதம் தொடங்கி, வெகு நேரம் ஒரு மனிதக் குரலும் இல்லாமல் ஓடியது. பிறகு ஊரடங்குச் சட்டம் என்றார்கள். அன்று பொழுது படுமுன் சந்தியிலிருந்த எங்கள் ஆளின் கடை சாம்பல். இரண்டாம் தடவை பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள். கொன்றவன் எவனோ, செத்தவன் எவனோ, அடி மட்டும் தமிழரான எங்களுக்கு. அதற்குப் பிறகு வயலின் கேட்டால் வள்ளங்களை மேலே இழுத்துவிடுவோம், புகை தெரியாமல் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவோம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உப்புநீர்க் களப்பின் கரையில் சேற்றில் வேர் பின்னி நிற்கும் கண்டல் காட்டுக்குள் போய்விடுவோம். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அப்படியே பழகிப்போனது.

எங்கள் ஊரான உடப்பைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் ஒரு கீற்று மணலில் நாங்கள். வெளியே போவதற்கு ரோட்டு ஒன்றுதான். சிங்கள ஊர்களைக் கடந்து, ஆமிக்காரரின் செக் பொயின்ற்றையும் கடந்துதான் ஆஸ்பத்திரி இருக்கிற சிலாபத்துக்குப் போகலாம்.

என் அக்காவுக்குக் கலியாணம் முடித்துப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. அம்மன் கோயில் தீயில் இறங்கினாள், முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்கு நடந்தாள், ஊர்ப் பெண்களின் நாக்கில் விழுந்து எழும்பினாள். கடைசியில் வயிற்றில் ஒன்று தங்கியது. அத்தான் கரைவலை இழுக்கிற மனுஷன், அதிகம் பேசாதவர். அந்த மாதங்களில் மட்டும் கடற்கரையில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். "பைத்தியமா அத்தான்?" என்று நான் நக்கல் அடிப்பேன். "ஓம்" என்று தலையாட்டுவார்.

வலி தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "பிள்ளை குறுக்கால கிடக்கு. என்னால ஏலாது. சுணங்காமச் சிலாபத்துக்குக் கொண்டு போங்க. இல்லாட்டி ரெண்டு உசிரும் இல்ல" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

ஊரில் ஓடுகிற நிலையில் இருந்தது ஒரே ஒரு வான். வான்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின் ஆசனத்தைக் கழற்றி மெத்தை போட்டு அக்காவைப் படுக்க வைத்தோம். அம்மா தலைமாட்டில், நான் கால்மாட்டில். அத்தான் முன்னால் ஏறி மடியில் ரேடியோவை வைத்துத் திருகினார். ரோட்டில் ஏறுமுன் ரேடியோ கேட்பது அந்த நாட்களில் எங்கள் வழக்கம். அதைக் கேட்காமல் யாரும் சந்தி தாண்டுவதில்லை.

தமிழ்ச் சேவையில் வெறும் இரைச்சல். அத்தான் முள்ளை மெல்ல நகர்த்தினார். இங்கிலிஷ் சேவை வந்தது. வயலின்.

வான்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டார். "முடிஞ்சுது. பெரிசு ஒண்டு போயிட்டுது."

"நாசமாப் போவான், இண்டைக்குப் பாத்தா சாகணும்?" என்று அம்மா, பெயர் தெரியாத அந்தப் பிணத்தை வாயில் வந்தபடி ஏசத் தொடங்கினாள்.

அத்தான் கும்பிட்டார். "போய்ப் பாப்பம் அண்ணே. செக் பொயின்ற்றில கெஞ்சிக் கேப்பம்."

"எதைப் போய்ப் பாக்கிற? முதல் சந்தியிலயே வானோட கொளுத்துவான். இவளும் சேந்து எரியட்டுமா?"

அந்த மனுஷனை நான் இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இரண்டாம் தடவை பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்களில் ஒருவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. திரும்பி வரவில்லை.

அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அக்காவை ஒரு படங்கில் கிடத்தி, நாலு மூலையையும் ஆண்கள் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதையக் கண்டல் காட்டுக்குள் தூக்கிப்போனார்கள். பட்டப் பகல். நல்ல வெயில். வேர்களுக்கு நடுவில் அகப்பட்ட கொஞ்சக் காய்ந்த இடத்தில் அவளை இறக்கினார்கள்.

அக்கா ஒருமுறை கத்தினாள். அவ்வளவுதான், சுற்றி நின்ற எல்லோரும் பதறிப்போனார்கள். களப்புக்கு அந்தப் பக்கம் சிங்கள ஊர், நாய் குரைத்தால் இந்தப் பக்கம் கேட்கும். தண்ணீர் நடுவில் அந்த ஊர்க்காரன் ஒருவன் இன்ஜின் போட்டில் நின்று வலை விட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தான். நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம். "சத்தம் போடாத தங்கம், என்ர ராசாத்தி, சத்தம் போடாத" என்று சொல்லிக்கொண்டே அம்மா தன் முந்தானையைச் சுருட்டி அக்காவின் வாயில் வைத்தாள். அதன்பிறகு அக்கா கத்தவில்லை. அவள் கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் ரேடியோவைக் காதோடு வைத்து, செத்தது யார், ஊரடங்கு எப்போது என்று அறிவிப்புக்குக் காத்திருந்தார். சங்கீதம் ஒரு இடத்தில் நின்றது. எல்லோரும் கிட்ட நெருங்கினோம். அறிவிப்பு வரவில்லை. யாரோ இருமினார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். உட்காரும் கதிரை தரையில் இழுபடும் சத்தமும் கேட்டது.

"பிரேதத்தச் சுத்தி ஆக்கள் நிக்கிறாங்க போல" என்றாள் வான்காரரின் மனைவி.

நாங்கள் நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? அதற்குப் பிறகு வந்த சங்கீதம் இன்னும் மெதுவாக, இன்னும் துக்கமாக இருந்தது. செத்தது எந்த மந்திரி, எந்தத் தளபதி என்று ஆண்கள் குசுகுசுத்தார்கள். மறுபடியும் நின்றது, மறுபடியும் இருமல், மறுபடியும் வயலின். மருத்துவிச்சி அக்காவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "நேரம் போகுது, நேரம் போகுது" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

கடைசியில் சங்கீதம் வேகமெடுத்தது. மேளம் அடித்து, ஊதி, ஒரே முழக்கமாக முழங்கி நின்றது. நின்ற மறு நொடி கைதட்டல்.

தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி தட்டினார்கள். நிறுத்தாமல் தட்டினார்கள். எவனோ ஒருவன் சந்தோஷத்தில் கூவினான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"செத்த வீட்டில கை தட்டுவாங்களா?" என்று அத்தான் கேட்டார்.

அப்புறம் ஒரு அறிவிப்பாளர், ஒரு பதற்றமும் இல்லாமல், இங்கிலிஷில் பேசினார். அத்தான் ரேடியோவை என் காதில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை இங்கிலிஷ் எனக்கு அதற்குப் போதுமாக இருந்தது. கன வருஷத்துக்கு முன் வெளிநாட்டு மண்டபம் ஒன்றில் நடந்த கச்சேரியாம். அன்று ஒலிப்பதிவு செய்து பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துப் போட்டார்களாம். அடுத்த ஞாயிறும் இதே நேரத்துக்கு இன்னொன்று போடுவார்களாம், தவறாமல் கேட்கட்டுமாம்.

"கச்சேரி" என்றேன். "பழைய கச்சேரி."

"அப்ப ஆர் செத்தது?" என்று அம்மா கேட்டாள்.

"ஒருத்தரும் சாகல்லம்மா."

தமிழ்ச் சேவை அன்று கரண்ட் பழுதால்தான் நின்றிருந்தது என்று பிறகு சொன்னார்கள். கைதட்டியவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்? நல்ல உடுப்பு உடுத்திப் போய் நல்ல சங்கீதம் கேட்டார்கள், மனம் நிறைந்து தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அப்போதே செத்துப்போயிருப்பார்கள். தெரிகிறது. ஆனாலும் வயிறு எரிகிறது.

அக்காவைப் படங்கோடு திரும்பத் தூக்கிவந்து வானில் ஏற்றினோம். வான்காரர் அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ரோட்டில் ஒன்றுமே இல்லை. சந்தியில் பாண் விற்றார்கள், பெண்கள் குடை பிடித்துப் புத்தர் கோயிலான பன்சலைக்குப் போனார்கள். செக் பொயின்ற்றில் ஆமிக்காரர்கள் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீசை முளைக்காத ஒருவன் வானுக்குள் எட்டிப் பார்த்தான். அக்காவைக் கண்டதும் அடையாள அட்டை கூடக் கேட்காமல் ஓடிப்போய்த் தடையைத் தானே தூக்கினான். "இக்மனட்ட யன்ன, இக்மனட்ட!" சீக்கிரம் போங்கள் என்று எங்கள் பின்னால் கத்தினான். வான்காரர் அழுதுகொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து, இவ்வளவு நேரம் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அத்தானுக்குச் சிங்களம் நன்றாக வரும். எதைச் சொல்வது? சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றா?

"வான் பழுது" என்றார்.

பக்கத்தில் நின்ற வான்காரர் ஓம் என்று தலையாட்டினார்.

பெண் பிள்ளை. உயிர் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். தலை நிறைய முடி. அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது, இனிப் பிள்ளை இல்லை என்றார்கள். அத்தான் அந்தச் சின்னப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஊருக்குப் போனார். அதே வானில்தான்.

மறுநாள் வார்ட்டில் நான் அக்காவுக்குத் தேத்தண்ணி பருக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாயோரம் இரண்டு பக்கமும் துணி உரசிய காயம் இருந்தது. கோப்பையைக் கையால் விலக்கினாள்.

"என்னக் கத்த விட்டிருந்தா ஆராவது வந்திருப்பாங்க" என்றாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஆரக்கா வருவாங்க? களப்புக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சிங்களவங்கதானே!"

"ஓம்" என்றாள் அக்கா. "அவங்கதான்."