கேட்காமல் எடுத்துப் போன ஸ்பீக்கர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலூர் சத்துவாச்சாரியில் அந்தப் புது ஷோரூமுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உங்களிடமாவது சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் வாங்கப் போனவள் நான். என் கணவர் வண்டி ஓட்ட வந்தவர். அவருக்குப் பாட்டு என்றால் குளியலறையில் அவரே பாடிக்கொள்வதுதான். ஆனால் விற்பனையாளர் வாசலிலிருந்தே "சார், சார்" என்று அவர் பின்னாலேயே சுற்றினார். ஹால் எவ்வளவு பெரிது, ஆம்ப்ளிஃபயர் என்ன என்றெல்லாம் அவரைத்தான் கேட்டார். "அவங்கதான் பாட்டு கேக்கறவங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் என் கணவர். விற்பனையாளர் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், உங்க வீட்டு சோபா இன்னா கலர்?"

எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இருப்பது புத்தக அலமாரியில் அடங்கிவிடுகிற இரண்டு மரப்பெட்டிகள். இடது பக்கத்துப் பெட்டி போன மாதம் கரகரத்து, முனகி, ஓய்ந்துவிட்டது. முன்னால் இருந்த கறுப்புத் துணியைக் கழற்றினேன். கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து பசையும் மரமும் தோலும் கலந்த வாசனை வந்தது. தோல் எப்படி அதற்குள் போயிற்று என்று கேட்காதீர்கள். ஆம்பூரில் சில வருடம் இருந்த எந்தப் பொருளுக்குள்ளும் அது போய்விடும், எனக்குள்ளும் சேர்த்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவள் நான். கொஞ்ச நாளிலேயே, பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிறவர்களை முறைக்க ஆரம்பித்திருந்தேன்.

அங்கே ஒரு ஷூ கம்பெனியில், வெளிநாட்டுக்கு அனுப்பும் மாதிரி ஷூக்கள் தயாராகும் பிரிவில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் கிரேஸ், ஆற்காட்டுக்காரி. இருவரும் சேர்ந்து ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். ஷூ டிசைன் சொல்லித்தர வந்திருந்த இத்தாலிக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் சாமான்களை விற்றார். மிக்ஸிக்கும் கட்டிலுக்கும் அடிதடி நடந்தது. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். உங்கள் அண்ணனுக்கா என்று ஆபீஸில் ஆளாளுக்கு விசாரித்தார்கள். எனக்கு அண்ணனே கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம். ரேடியோவில் நூறு முறை கேட்ட பாட்டுதான். பாடகி பல்லவிக்கு முன்னால் மூச்சு இழுப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கிரேஸ் கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த மூச்சை மறுபடி கேட்டாள்.

இனி அந்த ஆண்டு விழா. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கம்பெனி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மைக் செட்காரர் வரவில்லையாம். நானும் கிரேஸும் வேலை முடிந்து ஆபீஸிலேயே புடவை மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக உள்ளே நுழைகிறோம். மேடையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் எங்கள் ஸ்பீக்கர்கள். நாங்கள் வேலையில் இருந்தபோது மேனேஜர் ஆள் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் தன்னிடமிருந்த சாவியால் எங்கள் அறையைத் திறந்து தூக்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பெண்கள் குடியிருக்கும் அறை. எங்கள் துணிமணி கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அதையெல்லாம் ஒதுக்கிக்கொண்டுதானே போயிருப்பார்கள்?

மேனேஜர் மைக்கைப் பிடித்துக் கம்பெனி என்பது ஒரு குடும்பம் என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் 'குடும்பம்' என்கிறபோதெல்லாம் இடது ஸ்பீக்கர் தகரம் கிழிவதுபோல் அலறியது. கிரேஸ் என்னைப் பார்த்தாள். "நீ அந்தப் பக்கம் போ" என்றாள், அவ்வளவுதான். அவள் இடது பக்கம் ஏறினாள், நான் வலது பக்கம். வயர்களைப் பிடுங்கினோம். மேனேஜரின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. கடைசி வரிசைகளில் இருந்த தையல் பிரிவுப் பெண்களிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்தது.

மேனேஜர் மேடையிலேயே கேட்டார். "ஏம்மா, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டீங்களா?"

"குடுத்திருப்போம் சார்" என்றாள் கிரேஸ். "நீங்க கேக்கலையே."

ஆளுக்கொரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் இருவருக்கும் மெமோ. ஒழுங்கீனமாம். பூட்டின அறையைத் திறந்து எடுத்தது ஒழுங்கு, எங்கள் பொருளை நாங்கள் எடுத்தது ஒழுங்கீனம். இருவரையும் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். இந்த மாதிரிப் பெண்கள் வீட்டில் இருந்தால் தனக்குத்தான் பேஜார் என்று வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நாங்களும் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு நடுவே கொஞ்ச காலம் ஓட்டினோம். பிறகு கிரேஸ் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எனக்கும் கல்யாணம் ஆகி வேலூர் வந்தாயிற்று. கிரேஸ் போகும்போது ஸ்பீக்கர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வோம் என்று நான்தான் சொன்னேன். பிரித்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை, நீயே வைத்துக்கொள் என்று விட்டுப் போனாள்.

இந்த வாரம் அவளுக்குப் போன் செய்து, ஷோரூம் கதையைச் சொல்லி, பழைய ஸ்பீக்கரை மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டேன். என்னோடு சேர்ந்து பொருமுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"வாங்குபா" என்றாள். "நம்ம அதை வாங்கனது பாட்டு கேக்கத்தானே? மேனேஜரை ஞாபகம் வச்சிக்கவா?"

அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுபடி ஷோரூமுக்குப் போனேன், இந்த முறை தனியாக ஆட்டோ பிடித்து. நான் கொண்டுபோன பாட்டைப் போடச் சொல்லி, மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிக் கேட்டேன். விற்பனையாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்கட்டும். பழையதைக் கொடுத்தால் விலையில் கம்மி பண்ணுவதாகச் சொன்னார். அது என் வீட்டிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டேன். புதியது நன்றாகத்தான் இருக்கிறது. பழையதில் கேட்காத தம்பூராகூட இதில் கேட்கிறது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் கேளுங்கள். மேனேஜர் புண்ணியத்தில் நாங்கள் குடிபோன இரண்டாவது வீடு கம்பெனிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அதுவும் மாடிதான். விழாவில் சிரித்த பெண்களில் பாதிப்பேர் அந்தச் சந்துக்காரிகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களாகவே வந்து படிக்கட்டில் உட்காருவார்கள். ஒருத்தி பூண்டு உரிப்பாள், இன்னொருத்தி பிள்ளைக்குத் தலை வாருவாள். எந்தப் பாட்டாவது பிடித்துவிட்டால் கீழ்ப்படியிலிருந்து குரல் வரும்: "அக்கா, அதை இன்னொரு வாட்டி போடுக்கா." நான் கேசட்டைப் பின்னால் ஓட்டுவேன். டெக் கிறுகிறுவென்று சுற்றும். அது நிற்கும் வரைக்கும் படிக்கட்டில் ஒருத்தியும் பேசமாட்டாள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனபோது அந்தச் சந்துக்குள் நடந்து பார்த்தேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு போனும் காதில் ஆளுக்கொரு பாட்டுமாக. வேண்டியதை வேண்டியபோது அவர்களே போட்டுக்கொள்கிறார்கள், நல்லதுதான். அந்த வீட்டை இடித்துவிட்டுக் கோடவுன் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் படிக்கட்டே இல்லை.