வராந்தாவில் சொன்னதும் அறையில் சொன்னதும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவளுடைய வேலை. மூலைக்கு மூலை பிசகாது; அதனால் எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. கணவர் இறந்து பல வருடங்கள். மிச்சமிருந்த சொந்தம் அண்ணன் ஒருவர்தான். லாரி மெக்கானிக். சர்ச் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். “கடவுள்னு ஒருத்தர் இருந்தா இந்த கியர்பாக்ஸை இப்படிச் செய்ய விட்டிருப்பாரா?” என்று கேட்டுவிட்டு வண்டிக்கடியில் புகுந்துகொள்வார்.

அவருக்கு ஈரலில் புற்று என்று தெரிந்தபோது, நோயைவிட சாவுக்கப்புறம் என்ன என்பதுதான் மடிப்பக்காவைத் தூங்கவிடவில்லை. விசுவாசிக்காமல் சாகிறவன் அணையாத நெருப்பில் என்றென்றைக்கும் கிடப்பான் என்று கேட்டே வளர்ந்தவள் அவள்.

சபைப் போதகர் வாரம் இருமுறை வார்டுக்கு வந்தார். வேதம் எடுக்கவில்லை, அண்ணனோடு பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேசினார். ஒருநாள் அவர் கிளம்பியபோது, வராந்தாவில் நிறுத்தி, அண்ணனுக்கும் அந்த நெருப்புதானா என்று கேட்டேவிட்டாள். போதகர் அவளையே திருப்பிக் கேட்டார்.

“உங்க அண்ணனை நீங்க நெருப்புல தள்ளுவீங்களாம்மா?”

“என்னால எப்படி ஐயா முடியும்?”

“அப்போ உங்களைவிட ஆண்டவருக்கு அன்பு குறைச்சலா? அவர் யாரையும் கடைசிவரைக்கும் கைவிட மாட்டார்.”

அதை அப்படியே போய் அண்ணனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். கடவுள் அப்படிப்பட்டவர் என்றால் தனக்கும் ஆட்சேபணை இல்லை என்றார். பத்து நாளில் இறந்துபோனார்.

துக்கத்தில் இருந்த இரண்டொரு பெண்களுக்கும் அவள் இதைச் சொல்லி ஆறுதல்படுத்தினாள். பேச்சு கைமாறி, போதகர் நரகமே இல்லை என்று போதிப்பதாக சபைக் கமிட்டியின் காதில் விழுந்தது. விசாரணைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். தன் வாயால் அவருக்கு நல்லது நடக்கப்போகிறது என்றே நினைத்துப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

போதகர் மேஜையைப் பார்த்தபடி பேசினார். “அம்மா துக்கத்துல இருந்தாங்க. ஜெபம் பண்ணுவோம்னுதான் சொன்னேன். அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க.”

அப்படியானால் அந்த மெக்கானிக்கின் கதி என்ன என்று கமிட்டிச் செயலாளர் விடாமல் கேட்டார்.

“விசுவாசிக்காதவங்களுக்கு வேதம் சொல்ற முடிவுதான்,” என்றார் போதகர்.

மடிப்பக்கா எழுந்தாள். “எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். வேலை போய்விடுமென்று பயந்த மனிதர்களை அவள் பார்க்காதவளல்ல. ஆனால் அண்ணனின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த மனிதர், அதே வாயால் அவரை நெருப்பில் தள்ளிவிட்டாரே.

மூன்று வாரம் கழித்துப் போதகர் சலவைக்கூடத்துக்கே வந்தார். வராந்தாவில் சொன்னதுதான் தன் மனதில் இருப்பது என்றார். பிள்ளைகள் படிக்கிறார்கள், வீடும் சபையுடையது என்றார்.

“அதை அவங்க முன்னாடி வந்து சொல்வீங்களா ஐயா?”

அவள் அடுத்த விரிப்பை உதறி எடுத்தாள். அவர் வந்த வழியே போய்விட்டார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜெபத்தை விடவில்லை. ஆனால் அண்ணனின் பெயர் வரும்போது நா நின்றுவிடுகிறது. அன்று வராந்தாவில் கேட்டது ஆண்டவருடைய மனதா, அழுகிற ஒருத்தியைச் சமாளிக்க ஒரு நல்ல மனிதர் சொன்ன வார்த்தையா என்று அவளுக்கு இன்றும் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தந்ததற்குத்தான் அவளால் அவரை மன்னிக்க முடியவில்லை.