சிறையில் இருந்தது நானல்ல

எங்கள் அத்தை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அவர்களைக் கண்டிப்பான அரசு அதிகாரியாகத் தெரியும். அந்த வேலையில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் அவர்களுடைய தம்பி மகள். அவர்கள் வளர்த்த பிள்ளை.

அத்தை பிறந்தது வங்காளத்தில், காளிகாட்டில். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தாத்தா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் திடீரென்று காலமானபோது அத்தைக்குப் பத்தொன்பது வயது. பகலில் கடை, மாலையில் கல்லூரி என்று படித்து, தேர்வெழுதி அரசு வேலையில் சேர்ந்தார்கள். தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்கள். தமக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை.

அவர்கள் வேலை பார்த்தது விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கான ஓய்வூதியப் பிரிவில். மனுவிலுள்ள பெயர் பழைய சிறைப் பதிவேட்டில் இருந்தால் கோப்பு மேலே போகும். இல்லாவிட்டால் திரும்பிவிடும்.

ஒரு நாள் பெஹாலாவிலிருந்து வயதான வங்காளப் பெண்மணி ஒருவர் வந்தார். அவருடைய மனு மூன்றாம் முறையாகத் திரும்பியிருந்தது. பதினாறு வயதில், தலைமறைவாக இருந்த போராட்டக்காரர்களுக்குக் கடிதம் கொண்டுபோகையில் பிடிபட்டுச் சிறை சென்றவர். கொடுத்தனுப்பியவர் யார் என்று கேட்டுப் போலீஸார் அவருடைய வலது கை விரல்களை நசுக்கியிருந்தார்கள். அவை பிறகு நிமிரவே இல்லை. ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை.

"அன்னிக்கு அவங்க கிட்ட என்ன பேரு சொன்னீங்க?" என்று அத்தை கேட்டார்கள். வங்காளத்தில் நடந்த பேச்சை அத்தை எனக்குச் சொன்ன தமிழிலேயே எழுதுகிறேன்.

"எங்க அப்பா சர்க்கார் வேலையில இருந்தார். என் பேரச் சொன்னா அவர் வேலை போயிரும். வாயில வந்தது பக்கத்து வீட்டுத் தோழி பேரு. அது பேப்பர்ல வந்துட்டு. நிச்சயமாயிருந்த அவ கல்யாணம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அவ முகத்துல நான் முழிக்கவே இல்ல."

அந்தத் தோழி டாக்குரியா ஸ்டேஷன் அருகே ஓர் அறையில், கல்யாணமே செய்துகொள்ளாமல் வாழ்ந்துவந்தார். அத்தை தேடிப் போனார்கள்.

"பேப்பரப் பார்த்ததுமே அது அவதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். "நான் வீட்டுலதான் இருக்கேன்னு வெளியே வந்து நின்னா அவ மாட்டிக்குவா. அதனால மாமா ஊருக்குப் போயி ஒளிஞ்சிக்கிட்டேன்."

உடனிருந்த அவருடைய அண்ணன் மகன் குறுக்கிட்டான். "அத்தை, பதிவேட்டுல இருக்கது உங்க பேருதானே? நீங்களே மனு போடலாமே?"

"கம்பி எண்ணினது அவ. நீ பேனாவ எடு." அவர் எழுதச் சொன்ன முதல் வரி: சிறையில் இருந்தது நானல்ல.

சாட்சியத்துக்காக இருவரும் அலுவலகம் வந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தோழி அந்த வளைந்த விரல்களைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

"ரொம்ப வலிச்சுதா?"

"உனக்கு?"

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியாமல் அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

மேலதிகாரி கோப்பை இருமுறை திருப்பி அனுப்பினார். அதற்குள் அத்தைக்குப் பதவி உயர்வுடன் சிலிகுரிக்கு மாற்றல் வந்தது. கோப்பு முடியாமல் இந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுத்து, பதவி உயர்வை மறுத்தார்கள். மறுவருடம் ஓய்வூதியம் கிடைத்தது. அத்தை கடைசிவரை அதே பதவியில் இருந்தே ஓய்வு பெற்றார்கள்.

அந்த இருவரும் காலமான பிறகுதான், நோயில் படுத்திருந்தபோது அத்தை இதை என்னிடம் சொன்னார்கள். "உங்களுக்கு வருத்தமா இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"ஏட்டி, செவத்துல படமாத் தொங்குறவங்க மட்டுமா இந்த நாட்ட வாங்கிக் குடுத்தாங்க? அந்தப் புள்ளைக ரெண்டும் விட்டதுக்கு முன்னால நான் விட்டது ஒரு விஷயமா?" என்றார்கள்.

அழைத்தபோதெல்லாம் மூன்று மாடி ஏறி வந்த மருத்துவருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த எங்கள் பாரா, அதாவது அக்கம்பக்கத் தெரு, நண்பர்களுக்கும், தென்காசியிலிருந்து ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடைசிப் பத்து நாளும் அத்தையின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டவர் நாங்கள் பௌதி என்று அழைக்கும் எதிர் வீட்டு வங்காள அண்ணி. அவரிடம் நேரில் நன்றி சொல்லப் போனேன். "ஒனக்கு அத்தைன்னா எனக்கு அக்கா இல்லையா? அக்காவுக்குச் செஞ்சதுக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா?" என்று கோபித்துக்கொண்டு அழுதுவிட்டார். ஆகவே அவருக்கு இங்கே நன்றி எழுதவில்லை.