அம்மா கவிழ்த்து வைத்த குடம்

எங்கள் வீட்டில் வேலைகளை ஞாபகம் வைத்துக்கொள்ள இரண்டு முறைகள் இருந்தன. அப்பாவினுடையது டைரி. அம்மாவினுடையதற்குப் பெயர் கிடையாது.

அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். சேரப்பணஞ்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். கம்பெனியில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில், மண்ணெண்ணெய் ஊற்றும் நாள், சைக்கிளுக்கு டியூப் மாற்ற வேண்டிய நாள் என்று எண் போட்டு எழுதி, முடிந்ததைக் கோடு போட்டு அடிப்பார்.

அம்மா பொருள்களை இடம் மாற்றி வைப்பாள். அடுப்படியில் இருக்க வேண்டிய தீப்பெட்டி தையல் மிஷின்மேல் இருக்கும். காலையில் அதைத் தேடிப் போகும்போது, யாருக்கோ ரவிக்கை தைத்து முடிக்க வேண்டியது நினைவுக்கு வரும். அரிசிப் பானைக்குள் சீப்பு கிடந்தால் என் தலைக்குப் பேன் மருந்து. சொம்புக்குள் மெழுகுவத்தி நின்றால் கோயிலுக்குச் சொல்லியனுப்ப ஏதோ இருக்கிறது.

"உங்கம்மா ஆபீஸ்ல ஃபைல் எல்லாம் தலைகீழாத்தான் கீது," என்பார் அப்பா.

"ஈரக் கையோட பேனா புடிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்," என்பாள் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது. நான் அப்பா கட்சி. ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முந்தின வருடத்து டைரி ஒன்று எழுதாமல் மிஞ்சியிருந்ததை அப்பா எனக்குக் கொடுத்தார். கிழமைகளை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் வரிசைப்படி அதன் இடம் இதுதான். படப்பையில் புதிதாகத் திறக்க இருந்த பால்வாடிக்கு உதவியாளர் தேவைப்பட்டது. அம்மா எட்டாவது தேறியவள். அப்பாவிடம் ஒருமுறை பேச்செடுத்தாள். "ஊர்ப் புள்ளைங்க மூக்கைச் சிந்தி வுடவா உன்னக் கட்டிக்கினு வந்தேன்?" என்று அவர் சிரித்தார். கோபித்திருந்தால் அம்மா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். சிரித்ததால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனாலும் அவள் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கினாள். இரண்டையும் தையல் மிஷின் டிராயரில் வைத்தாள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் அவை ஸ்ரீபெரும்புதூர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்க வேண்டும். எதிர்வீட்டு நர்ஸம்மா தினமும் ஏழு மணி பஸ்ஸில் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், அவளிடம் கொடுத்தனுப்பலாம். வீட்டில் போய்க் கொடுக்க முடியாது. அங்கே ஒரு மாமியார் இருந்தாள், அவள் காதில் விழுந்தது அப்பா காதுக்கு வர அரைநாள் ஆகாது. ஆறு மணிக்கு நர்ஸம்மா தண்ணீர் பிடிக்க வரும்போது குழாயடியில் கொடுப்பதுதான் வழி. அதற்காக அம்மா குடத்துத் தண்ணீரைக் கொட்டி, பின்கதவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். காலையில் தண்ணீர் இல்லையென்றால் குழாயடிக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

அன்று சாயங்காலம்தான் நான் வீட்டைத் திருத்த முடிவு செய்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இன்னா இன்னா வேலைன்னு சொல்லும்மா. நான் எழுதிக்கிறேன். இனிமே நீ எதையும் கவுக்க வேணாம்."

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். ரவிக்கை, பேன் மருந்து, கோதுமை அரைப்பது என்று ஐந்து வந்தன.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு."

"அதான் சொல்றேனே, அவ்ளோதான்டி," என்றாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா தம்பியைத் தூங்கவைக்கப் போனதும் வேலையைத் தொடங்கினேன். தீப்பெட்டி அடுப்படிக்குப் போனது. சீப்பு ஆணிக்குப் போனது. கவிழ்ந்த குடத்துக்கு மட்டும் என் பட்டியலில் ஒன்றும் இல்லை. அதன் வேலை முடிந்திருக்கும், எடுத்து நிமிர்த்த மறந்திருப்பாள் என்று முடிவு செய்தேன். குழாயடிக்குப் போய் நிரப்பிவந்து, தட்டுப் போட்டு மூடி, அதன் மணைமேல் வைத்தேன்.

காலையில் தம்பிக்குக் காய்ச்சல். அம்மா கஷாயம் வைத்தாள், துணி நனைத்துப் போட்டாள். எல்லாவற்றுக்கும் குடத்தில் தண்ணீர் இருந்தது. ஏழு மணி பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. பத்து மணிக்குத் தம்பி கண்ணயர்ந்தபின், ரவிக்கைக்கு நூல் எடுக்க மிஷின் டிராயரைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். பிறகு குடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுல யாருடி தண்ணி புடிச்சு வெச்சது?"

"நான்தான்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மா காகிதங்களை எடுத்துக்கொண்டாள். அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான். பள்ளிக்கூட லீவில் இருந்த என்னிடம் தம்பியை விட்டு, தலைகூட வாராமல், வேறு பஸ் பிடிக்க ஒரகடம் கூட்டுரோட்டுக்கு நடந்தே போனாள். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது சேலைக் கரையெல்லாம் புழுதி. காகிதங்கள் கையிலேயே இருந்தன.

"ரோட்டுக்குப் போறதுக்குள்ளயே மணி ஆயிடுச்சு," என்றாள். காகிதங்கள் எதற்கு, குடத்தைக் கவிழ்த்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிக்காத."

நான் ஓடிப் போய் டைரியை எடுத்து வந்தேன். "நீ சொல்லவே இல்லியேம்மா. பாரு, அஞ்சுதான் கீது."

ஐந்தையும் விரல் வைத்துப் படித்தாள். "ஆமா, நான் சொல்லல. உன் மேல தப்பில்ல," என்றாள். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இரவு சாப்பாட்டின்போது அப்பா பட்டியலை வாசிக்கச் சொன்னார். ஐந்தில் மூன்று முடிந்திருந்தது. "மொத நாளே மூணா! பரவால்லியே," என்றார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா எதையும் கவிழ்த்தோ இடம் மாற்றியோ வைக்கவில்லை. கேட்காமலேயே தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று, மறுநாள் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் எண் போட்டு எழுதுவேன். ஒரே மாதத்தில் வீட்டில் எல்லாப் பொருளும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. அம்மா என் முறைக்கு மாறிவிட்டாள் என்று டைரியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அப்பா முன்னால் உரக்கப் படிக்கக்கூடிய வேலைகள் மட்டும்தான் அவளிடம் மிச்சம் இருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை.