புதுக் கன் குடித்த காற்று

ஒண்டிக்கடை என்ற ஊரில் இருந்த எங்கள் பெயிண்ட் ஷெட்டுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வாங்கி வந்தவன் என் மனைவியின் தம்பி. அன்று நாகலூர் எஸ்டேட் ஜீப்பின் பானெட்டுக்குக் கடைசிக் கோட் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியிலேயே காற்று இறங்கிப்போய், புது ஸ்ப்ரே கன் பெயிண்டைத் துப்பியது. பானெட் முழுக்க அம்மைத் தழும்பு. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

"பஞ்சர் கடைக்கு வாங்குற டப்பாவைக் கொண்டாந்து வெச்சிருக்கியேடா!"

கன்னைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்று வரும் ஹோஸால் பக்கத்தில் நின்ற அவன் முகத்தில் விளாசினேன். நுனியிலிருந்த இரும்பு பட்டு உதடு கிழிந்தது. விழுந்தவனை உதைத்தேன்.

அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மூலையில் கிடந்த எங்கள் பழைய கன்னை எடுத்து அதே ஹோஸில் மாட்டினான். டேங்க் நிறையும்வரை பொறுத்திருந்து, ஒரு பழைய கார் கதவில் பெயிண்ட் அடித்தான். கதவு முழுவதும் கண்ணாடி மாதிரி வந்தது. காற்று இறங்கவே இல்லை.

"இந்தக் கன்னுக்கு அளவு பாத்துத்தானுங்க மாமா கம்ப்ரஸர் வாங்குனேன். காத்தை நொம்பக் குடிக்கிற அந்தப் புதுக் கன்னு நீங்க வாங்குனதுங்க."

அவன் சொன்னது சரி. அதற்காகவே ஓர் அறையும் விட்டேன்.